கட்டத்துக்குள் ஒரு புள்ளி

பெரம்பலூர்
12.11.2006

என் தங்கச்சி சசிக்கு,

பரிமளா அக்கா எழுதுறேன். இங்க உன் பெரியம்மாவுக்கு முட்டிவலி, பெரியப்பாவுக்கு வாய்வலி (கத்திக் கத்தித்தான்), மத்தபடி எல்லாரும் சௌக்கியம். உன் சளி எப்பிடி இருக்கு? ஹாஸ்டல்ல வெந்நீர் குடுக்குறாங்களா இல்ல அதுக்கும் வார்டன் கையெழுத்து வேணுமா?

சசீ, ஒரு விஷயம் சொல்லணும், எனக்கு கை ஓட மாட்டேங்குது. நான் வேலை பாக்குற பிரவுசிங் சென்டர்ல மூணாம் நம்பர் கம்ப்யூட்டர் எனக்குத்தான்னு ஆயிப்போச்சு. கஸ்டமர் இல்லாத நேரம் ஓனர் நல்லுசாமி அண்ணன் ஒண்ணும் சொல்றதில்ல. அதுல ஒரு பள்ளிக்கூடம் கண்டுபிடிச்சிருக்கேன். நெசப் பள்ளிக்கூடம் இல்ல. நெட்ல நாலாயிரம் பேரு சேர்ந்து எழுதி எழுதிக் கட்டுனது. ஒரு தீவு, அதுல பள்ளிக்கூடம், அதுல நாலு இல்லம். உப்பு, கயிறு, சாம்பல், துரு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கலரு, ஒரு நடை, ஒரு மேசை, தலை சீவுற விதம்கூட தனி! எல்லாம் இங்கிலீஷ்தான். நான் டிக்சனரி வச்சுத் தனியாவே படிச்சுக் கத்துக்கிட்டேன். பன்னெண்டாவதுல பெயிலான பரிமளா இப்ப பிரேசில்காரிகிட்ட இங்கிலீஷ்ல சண்ட போடுறா, நம்புவியா?

இருபது கேள்வி கேப்பாங்க, பதிலப் பாத்து இல்லம் சொல்லுவாங்க. எனக்கு துரு வந்துச்சு. திரும்பப் போட்டேன், துரு. மூணாந்தரம் பொய்யா பதில் போட்டேன், அதுக்கும் துரு! துரு இல்லம்னா கிழிஞ்ச நோட்டு, கலைஞ்ச தலை, எரிச்சல். யாருக்கும் புடிக்காத இல்லம். உனக்கும் நானே போட்டுப் பாத்தேன். மொதத் தடவையே உப்பு! எல்லாரும் ஏங்குற இல்லம்டி அது. பரிச்சைக்கு பயப்படாதவங்க இல்லம்.

உடனே பதில் போடு. வார்டன் பிரிச்சுப் படிச்சா, வார்டனுக்கும் என் வணக்கம்.

துரு இல்லத்துப் பரிமளா


அரியலூர்
20.11.2006

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை சசிகலா எழுதிக்கொள்வது. நான் நலம். பெரியம்மாவின் முட்டிவலிக்கு ஒத்தடம் கொடுக்கவும். சளி போய்விட்டது, இருமல் மட்டும் இருக்கிறது.

நீ எழுதிய பள்ளிக்கூடத்தைப் பற்றி மூன்று முறை படித்தேன். ஆனால் கணினி தப்பாகச் சொல்லிவிட்டது அக்கா. பரீட்சைக்குப் பயப்படாதவர்கள் இல்லத்தில் எனக்கு என்ன வேலை? காலாண்டில் இயற்பியல் கேள்வித்தாள் கைக்கு வந்ததும் வாந்தி எடுத்துவிட்டேன். முன் பெஞ்ச் பெண்ணின் பாவாடை வரை தெறித்தது. இன்னும் அவள் என்னோடு பேசுவதில்லை. படித்ததெல்லாம் தலையில் இருக்கிறது, கைதான் நடுங்குகிறது.

அப்பா போன ஞாயிறு பார்க்க வந்தார். முந்திரிக்குக் களை எடுத்த கையோடு, குளிக்காமல்கூட வந்திருந்தார். "ஆயிரம் மார்க் தாண்டுனா திருச்சியில நர்ஸ் படிப்பு, நானே கொண்டுபோய் சேத்து வுடுறேன். தாண்டலன்னா கல்யாணம். அழுவக்கூடாது, இப்பவே சொல்லிட்டேன்" என்றார். எனக்கு நர்ஸ் ஆக வேண்டும் அக்கா. வேறு எதுவும் வேண்டாம்.

உப்பு இல்லத்தில் எப்படிப் படிப்பார்கள் என்று எழுது. விளையாட்டுக்குத்தான் கேட்கிறேன்.

அன்புத் தங்கை
சசிகலா


பெரம்பலூர்
3.12.2006

உப்புக்கட்டிக்கு,

இங்க யாருக்கும் நோய் நொடி இல்ல. இருமலுக்கு மிளகு கடிச்சுக்க.

விளையாட்டுக்கா கேக்குற? கேளு. உக்காந்து மொத்தத்தையும் படிச்சு உனக்காக எழுதுறேன். உப்பு இல்லத்து மேசையில நாலே சாமான் இருக்கும். வெள்ளைத் துணி, ஒரு பேனா, ஒரு டம்ளர் தண்ணி, படிக்கிற புக்கு. அஞ்சாவது சாமான் வந்தா எடுத்துக் கீழ வச்சிரணும். தலைய இழுத்து சீவி வெள்ளை ரிப்பன். நடக்கும்போது கால் சத்தம் வரக்கூடாது. பரிச்சைக்கு முன்னாடி பத்து நிமிஷம் ஒருத்தர்கூடவும் பேசக்கூடாது. "அந்தக் கேள்வி வருமா, இந்தக் கேள்வி வருமா"ன்னு பேசுறவங்க கயிறு இல்லம்.

முக்கியமானது இதுதான். எழுத ஆரம்பிக்கும்போது ஒவ்வொரு பக்கத்துலயும் வலது மேல் மூலையில சின்னதா ஒரு கட்டம் போட்டு, அதுக்குள்ள ஒரு புள்ளி வைக்கணும். உப்புக் கல்லு மாதிரி. புள்ளி வைக்கிற நேரம் மூச்ச உள்ள இழுத்து, வெளிய வுடணும். அப்பறம் கை நடுங்காது. போட்டுப் பாரு. எனக்கு சொன்னது கனடாக்காரி, அவ வக்கீலுக்குப் படிக்கிறா!

பரிமளா


அரியலூர்
7.1.2007

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கும் அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். முதலில் செய்தி: அரையாண்டில் 1,043. விடுதியிலேயே முதல்.

மைதா மாவுச் சாக்கைத் துவைத்து, பெட்டி மேல் விரித்து, அதையே மேசையாக்கிக்கொண்டேன். முதலில் எல்லாரும் கேலி செய்தார்கள். நான் குழாயடிக்குப் போனால், "வழி வுடுங்கடி, உப்பு வருது", "குழம்புல போட்டுராதீங்கடி, கரைஞ்சிரும்" என்பார்கள். பதில் சொல்லவில்லை. உப்பு இல்லம் பதில் சொல்லாதுதானே. இப்போது நான்கு பேர் வெள்ளை ரிப்பன் கட்டுகிறார்கள்.

கட்டமும் புள்ளியும்தான் அக்கா எல்லாம். இயற்பியலுக்கு உட்கார்ந்தேன். கட்டம் போட்டேன். புள்ளி வைத்தேன், மூச்சை விட்டேன். கை நின்றது. ஒவ்வொரு பக்கத்திலும் வைத்தேன். டீச்சர் பேப்பர் கொடுக்கும்போது, "என்னடி மூலைக்கு மூலை ஜன்னல் வரைஞ்சிருக்க?" என்று மட்டும் கேட்டார்.

உனக்கு எப்படி நன்றி சொல்வேன்? பொங்கலுக்கு ஊருக்கு வர விடமாட்டார்கள், சிறப்பு வகுப்பு. எனக்கும் சேர்த்துக் கரும்பு தின்னவும்.

உன் சசிகலா, உப்பு இல்லம்


பெரம்பலூர்
21.1.2007

சசிக்கு,

சுகம்தான. கரும்பு தின்னு நாக்கு வெந்துபோச்சு, உன் பங்கையும் சேர்த்துத்தான்.

1,043! நெட்ல எல்லாருக்கும் சொன்னேன். உன்னப் பத்தி எழுதுனதுல இருந்து, "உப்புத் தங்கச்சி எப்பிடி இருக்கா"ன்னு உன்னத்தான் கேக்குறாங்க. என்ன யாரும் கேக்கல, சரி போகுது.

பொங்கலன்னைக்கு எல்லாரும் வேப்பந்தட்டையில சாமிதுரை மாமா வூட்டுலதான். ஒரு கூத்து கேளு. மாமாவுக்கு கவர்மெண்ட்ல குடுத்த டிவி வந்து மூணு நாள்தான் ஆவுது. படம் ஆடுதுன்னு கோவம் வந்து, அம்மிக் குழவிய எடுத்து அதுமேலயே போட்டாரு! டமால்! எங்கம்மாவும் சித்தியும், "எங்க தம்பிக்கு கோவம் மட்டும்தான், மனசு தங்கம்"னு கண்ணாடிய கூட்டி அள்ளுறாங்க. மாமாவுக்கு முப்பத்தாறு ஆயிருச்சாம், அக்கா மக ரெண்டு பேருல ஒருத்தி வேணுமாம்.

மாமா உன்னத்தான் கேட்டாரு. உங்கப்பா சொன்னாரு: "மச்சான், சசி ஆயிரம் தாண்டலன்னா உங்களுக்குத்தான். தாண்டிருச்சுன்னா படிக்கட்டும், நீங்க பரிமளாவ முடிச்சுக்கங்க. அது சும்மாதான இருக்கு." எங்கப்பா பாயசம் குடிச்சிட்டே தலைய ஆட்டுனாரு. வைகாசிலயே வச்சுக்கலாம்னு பேச்சு.

ஆகமொத்தம், நீ ஆயிரத்தி ஒண்ணு எடுத்தா நான் வேப்பந்தட்டை! ஹா ஹா ஹா. செம ஜோக்குல்ல?

நல்லுசாமி அண்ணன் சித்திரையில இருந்து சென்டர முழுசா என்கிட்ட குடுக்குறேன்னு சொல்லியிருந்தாரு. சரி வுடு.

பரிமளா


அரியலூர்
2.2.2007

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே நலம். பெரியம்மா, பெரியப்பா, நீ எல்லாரும் நலமா?

மாமா விஷயம் படித்து மிகவும் சந்தோஷப்பட்டேன். நீ சிரித்து எழுதியிருந்ததால் உனக்கும் சம்மதம் என்று தெரிந்தது. நல்லதுதான் அக்கா. உனக்குப் படிப்பு வரவில்லை. கம்ப்யூட்டர் கடையில் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பாய்? டிவி உடைந்தால் வேறொன்று வரும். கோபக்காரர்களை உன்னைப் போல் கலகலப்பானவர்கள்தான் சமாளிக்க முடியும், என்னால் முடியாது. எனக்குப் பதிலாக நீ இருக்கிறாய் என்று நினைக்கும்போது எவ்வளவு நிம்மதியாகப் படிக்க முடிகிறது தெரியுமா? கல்யாணத்துக்கு வெள்ளைத் தாவணி போட்டு வருவேன், கோபிக்காதே.

ஒரு சந்தேகம். பொதுத்தேர்வு விதிகளை டீச்சர் வாசித்தார். "பேரு எழுதாதீங்கடி. பிள்ளையார் சுழி போடாதீங்க, சிலுவை போடாதீங்க, 786 போடாதீங்க. எந்தச் சாமியையும் பேப்பருக்குள்ள இழுக்காதீங்க" என்றார். நம் கட்டம் சாமி இல்லையே. அதைப் போடலாமா? எழுந்து கேட்கலாம் என்றால் எல்லாரும் சிரிப்பார்கள். கட்டம் இல்லாமல் எழுதினால் பழையபடி வாந்தி வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. உனக்குத்தான் எல்லாம் தெரியும். போடலாமா, கூடாதா? ஒரு வரி எழுதினால் போதும்.

அன்புத் தங்கை
சசிகலா


பெரம்பலூர்
14.2.2007

சசிகலாவுக்கு,

நலம். நீ நலமா?

பரிச்சைக்கு ரெண்டு பேனா எடுத்துட்டுப் போ. புதுப் பேனா வேணாம், எழுதிப் பழகுனது. காலையில இட்லி மட்டும் சாப்புடு, எண்ணெய்ப் பலகாரம் தொடாத. ஹால் டிக்கெட்ட மறக்காத. ரிப்பன் துவைச்சு வச்சுக்க. பத்து நிமிஷம் பேசாம இருக்கறத வுட்டுறாத.

அம்மா எனக்கு புடவை எடுக்க துறையூர் போயிருக்காங்க. அரக்குக் கலராம்.

வேற ஒண்ணும் இல்ல.

பரிமளா


அரியலூர்
3.3.2007

அன்புள்ள அக்காவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, நலம்.

நீ பேனா, இட்லி, ரிப்பன் என எல்லாம் எழுதி, கட்டத்தைப் பற்றி மட்டும் எழுதவில்லை. கூடாது என்றால் எழுதியிருப்பாய். எழுதாததால் போடலாம் என்று எடுத்துக்கொண்டேன். வியாழக்கிழமை தமிழ் முதல் தாளில் எல்லாப் பக்கத்திலும் போட்டேன். கை நடுங்கவே இல்லை. அருமையாக எழுதினேன்.

ஆனால் மேற்பார்வைக்கு வந்த சார் என் பக்கத்தில் நின்று, குனிந்து பார்த்து, "என்னம்மா இது?" என்றார். "ஒண்ணுமில்ல சார்" என்றேன். போய்விட்டார். அதிலிருந்து தூக்கமில்லை. இனிப் போடலாமா, நிறுத்தவா? டீச்சரிடம் கேட்டால் முதல் தாளில் போட்டதையும் சொல்ல வேண்டும். தேர்வு முடியும்வரை வெளியே போய் போன் பேசவும் விடமாட்டார்கள். அந்த நெட்காரர்களிடம் கேட்டு உடனே எழுது அக்கா. உன் கடிதம் வரும்வரை போட்டுக்கொண்டிருப்பேன். நிறுத்தச் சொன்னால் அன்றே நிறுத்திவிடுவேன்.

சசிகலா


பெரம்பலூர்
6.3.2007

அன்புத் தங்கச்சி சசிக்கு,

சுகமா இருப்பேன்னு நம்புறேன். உன் லெட்டர் இப்பத்தான் கெடச்சுது, கெடச்ச கையோட எழுதுறேன்.

கட்டம் போடாத! உடனே நிறுத்து! பேப்பர் திருத்தப் போற அன்பழகன் சார் சென்டருக்கு வந்தாரு, அவருகிட்ட கேட்டேன். எந்தக் குறி போட்டாலும், திருத்துறவருக்கு அடையாளம் காட்டுறதா எடுத்துக்குவாங்களாம். பேப்பர தனியா எடுத்து வச்சிருவாங்களாம். மொதப் பேப்பர்ல போட்டது போகட்டும். இனிமே சத்தியமா போடாத. அக்கா உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.

என்றும் உன் மேல் பாசமுள்ள அக்கா
பரிமளா


அரியலூர்
26.3.2007

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ ஆறாம் தேதி எழுதிய கடிதம் இன்று, இருபத்தாறாம் தேதிதான் கைக்கு வந்தது. பரீட்சை வியாழக்கிழமையே முடிந்துவிட்டது. உன் பதில் வராததால் எல்லாத் தாளிலும், எல்லாப் பக்கத்திலும் போட்டேன்.

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு ஒரு மணி நேரப் பஸ். அதற்கு இருபது நாளா? தபால்காரரிடம் சண்டைக்கே போனேன். "நான் என்னம்மா பண்ணுவேன், இன்னைக்கு பையில வந்துச்சு, இன்னைக்கு குடுக்குறேன்" என்றார். அவரை என்னால் மன்னிக்க முடியாது.

நீ வருத்தப்படாதே அக்கா. நீ உடனே எழுதினாயே, அது போதும். ஒருவேளை யாரும் கவனிக்காமல் விட்டுவிடலாம். கூட்டிப் பார்த்தேன், 1,080 வரும். பெட்டி கட்டுகிறேன். இனி ஊர் விலாசத்துக்கு எழுதவும்.

உன் சசிகலா


பெரம்பலூர்
15.5.2007

சசிக்கு,

எல்லாரும் சௌக்கியமா? சித்தி சாப்புடுறாங்களா?

நேத்து ரிசல்ட் வந்தப்ப சென்டர்ல நிக்க எடம் இல்ல. நம்பர் எழுதுன சீட்டு நூத்துக்கணக்குல. நான் மொத ஆளா உன் நம்பரத்தான் அடிச்சேன். மார்க்கு வர்ற எடத்துல ஒண்ணும் இல்ல, "நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது"ன்னு மட்டும் இருந்துச்சு. நல்லுசாமி அண்ணன், "சரியா அடி, தப்பா அடிச்சிருப்ப"ன்னாரு. ஏழு தடவை அடிச்சேன். பின்னாடி கூட்டம் கத்துது, "யக்கா, எங்க நம்பரையும் போடுக்கா"ன்னு.

சித்தப்பாவுக்கு போன் பண்ணி நான்தான் சொன்னேன். அவரு போன வச்சிட்டாரு.

நான் அன்னைக்கே எழுதுனேனே சசி, போடாதன்னு. தேதி போட்டு எழுதுனேன். லெட்டர் உன்கிட்டதான இருக்கு? சித்தப்பா என்மேல கோவப்பட்டாருன்னா அதக் காட்டு.

அரக்குப் புடவைய அம்மா திருப்பிக் குடுத்துட்டாங்க. நான் சென்டரப் பாத்துக்கிறேன்.

பரிமளா


வேப்பந்தட்டை
3.9.2007

பரிமளாவுக்கு,

இங்கு நானும் அவரும் நலம். என் இடது கையில் கட்டுப் போட்டிருக்கிறது, கீழே விழுந்துவிட்டேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். எழுதுவது வலது கையால்தான், சிரமமில்லை. உன் நலம் கேட்டதாக அவரும் சொல்லச் சொன்னார்.

நீ என் கல்யாணத்துக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். நடந்ததெல்லாம் உனக்குத் தெரிய வேண்டும் அல்லவா, எழுதுகிறேன்.

ஜூனில் தேர்வுத் துறையிலிருந்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அப்பாவும் வந்தார். மேசை நிறைய என் பேப்பர்கள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"இது யாருக்குப் போட்ட அடையாளம்?"

"யாருக்கும் இல்ல சார். உப்பு இல்லம் சார்."

"அது எந்த ஊரு ஹாஸ்டல்? வார்டன் பேரு என்ன?"

"ஹாஸ்டல் இல்ல சார். நெட்ல இருக்கு. தீவுல இருக்குற பள்ளிக்கூடம். கட்டம் போட்டா மனசு நிக்கும் சார்."

ஒருவர் சிரிப்பை அடக்கக் கர்ச்சீப்பை எடுத்தார். இன்னொருவர் அப்பாவிடம், "பொண்ணுக்கு வைத்தியம் ஏதும் பாக்குறீங்களா?" என்றார். அப்பா எழுந்து நின்று கும்பிட்டார். "புத்தி கெட்டுப்போச்சுங்க சார். மன்னிச்சுக்கங்க" என்றார். எல்லாத் தாளும் செல்லாது, இரண்டு வருடம் எழுதக்கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் அப்பா இரண்டு முழம் மல்லிகை வாங்கி, "வெச்சுக்க. வெள்ளிக்கிழமை மாமா வராரு" என்றார்.

கல்யாணத்தில் அன்பழகன் சார் மொய் எழுத வந்தார். என்னைப் பார்த்து வருத்தப்பட்டார். "உங்க அக்கா தை மாசக் கடைசியிலயே என்கிட்ட கேட்டுச்சேம்மா, பேப்பர்ல கட்டம் போட்டா என்னாகும்னு. தெளிவா சொல்லியனுப்புனேனே, உன்கிட்ட சொல்லலியா?" என்றார். சொன்னாள் சார், லெட்டர்தான் லேட்டா வந்தது என்றேன். அப்போதும் நான் உன்னை நம்பினேன், தை மாதம் எது மார்ச் எது என்று அந்த மணமேடையில் கணக்குப் பார்க்கவில்லை.

போன வாரம் பெட்டியைத் திறந்து உன் கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கினேன். ஆறாம் தேதிக் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். பெரம்பலூர் தபாலாபீஸ் முத்திரை 23 மார்ச். என் பரீட்சை முடிந்த மறுநாள்.

எழுதி, ஒட்டி, பதினேழு நாள் கையிலேயே வைத்திருந்திருக்கிறாய். நான் உட்கார்ந்து கட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது அது எங்கே இருந்தது? கீ போர்டுக்கு அடியிலா?

அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் இன்றே பைக்கை எடுத்துக்கொண்டு வந்து உன்னை அடிப்பார். அடி இரண்டு நாளில் ஆறிவிடும். எனக்குத் தெரியும்.

வேறு விஷயம். பாடாலூரில் அவருக்கு அரியமுத்து என்று ஒரு சிநேகிதர். நெடுஞ்சாலையில் லாரிக்குப் பஞ்சர் பார்க்கும் கடை வைத்திருக்கிறார். வயது நாற்பத்து மூன்று. மனைவி இறந்து எட்டு மாதம், எப்படி இறந்தாள் என்று ஊரில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். மூன்று பிள்ளைகள். வந்தபோது காபி கொடுத்தேன். "உங்கக்கா கல்யாணத்துக்கு இருக்குதே, இவருக்கு சரிப்படுமா?" என்று மாமா என்னிடம் கேட்டார். காபித் தம்ளரை வாங்கி வைத்துவிட்டு, மூச்சை இழுத்து விட்டு, "நல்ல எடம். அவ கலகலப்பு, எந்தக் கோவத்தையும் சமாளிப்பா" என்றேன்.

தாய்மாமன் வாக்கை உன் அப்பா தட்டவில்லை. நேற்றே இங்கே எங்கள் வீட்டில் வைத்துத் தாம்பூலம் மாற்றிவிட்டார்கள். உன்னிடம் இரண்டு நாள் கழித்துச் சொல்லலாம், அழுது கூட்டம் கூட்டுவாள் என்று நான்தான் சொன்னேன். மாப்பிள்ளை ஒன்றே ஒன்றுதான் கேட்டார், கம்ப்யூட்டர் கடைக்குப் போகக்கூடாது என்று. நல்லுசாமி அண்ணனிடம் மாமாவே பேசிவிட்டார். திங்கட்கிழமையிலிருந்து வேறு பெண் வருகிறாள்.

கல்யாணம் ஆவணி கடைசி முகூர்த்தத்தில். புடவை நானே எடுக்கிறேன். பிள்ளைகளில் சின்னவனுக்கு இரண்டு வயது, ராத்திரியில் அம்மாவைக் கேட்டு அழுகிறானாம், பழக்கிக்கொள்.

இனி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடாதே. முறை என்று ஒன்று இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு
உன் அத்தை
சசிகலா சாமிதுரை